அலுமாரியில் கிடந்த கடிதம்

கண்டியில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த பெண், ஒன்பதாம் தரத்தில் என்னிடம் தமிழ் படித்தவள். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க டீச்சர், இருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். அம்பிட்டியவில் நாங்கள் பாதி கட்டி நிறுத்தியிருந்த வீட்டுக்கு மேல்தளம் போடக் கடன் கேட்டிருந்தேன். படிவத்தில் இருந்த என் எழுத்தைப் பார்த்து, "என் கட்டுரைக் கொப்பியில இதே எழுத்துலதான் டீச்சர் திருத்தி வைப்பீங்க" என்று சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து அவளே தொலைபேசியில் அழைத்து நேரில் வரச் சொன்னாள். போனபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க கடன் ரிப்போர்ட்ல ஒரு கோர்ட் கேஸ் காட்டுது."

"அது கட்டி முடிச்சாச்சும்மா. மூணு வருஷமாச்சு."

"கட்டினது இதுல இல்ல டீச்சர். தீர்ப்பு வந்தது மட்டும்தான் இருக்கு. இன்னும் கட்டலன்னுதான் காட்டுது."

பக்கத்துக் கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள். அவள் எனக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். மாணவி ஒருத்தி ஆசிரியையின் மானத்தைக் காப்பாற்றக் குரலைத் தாழ்த்துவதைப் போல வெட்கக்கேடு வேறில்லை என்று அப்போது நினைத்தேன். அது தவறு. அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னை உண்மையில் கூசவைத்தது.

"அந்தப் பழைய கடனுக்கு ஒருத்தங்க ஷூரிட்டி கையெழுத்துப் போட்டிருக்காங்கதானே? அவங்க பேர்லயும் இப்பிடித்தான் காட்டும் டீச்சர். அவங்களாலயும் எங்கயும் லோன் எடுத்திருக்க ஏலாது."

நான் எழுந்துவிட்டேன். கைப்பையை மறந்து கதவுவரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன்.

பிணையாளியாக ஷூரிட்டி போட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றிலிருந்து நான் முதன்முதலாகக் கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது, வாடகைக்கு அறை பார்த்துக் கொடுத்தவர் அவர். கணவர் இறந்தபின் ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, கம்பளையில் தனியாக இருந்தார். தினமும் பஸ்ஸில் கண்டிக்கு வந்து போவார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிவருவார். என்னை "நீ", "வா", "போ" என்றுதான் பேசுவார்.

கம்பளையில் ஒரு டியூஷன் வகுப்பு ஆரம்பிக்க எனக்கு ஆசை வந்தது. புகையிரத நிலையத்துக்குக் கிட்ட, கடையொன்றின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தேன். பிள்ளைகள் உட்கார வாங்கு, மேசை, ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம் எல்லாவற்றுக்குமாக ஒரு பைனான்ஸ் கம்பனியில் கடன் கேட்டேன். பிணைக்கு ஓர் அரச ஊழியர் வேண்டும் என்றார்கள். அக்காவிடம் கேட்ட அன்று, அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "எங்க போடணும்?" என்று மட்டும்தான் கேட்டார். ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. பிறகு நோய்க்காலம் வந்தது, ஊரடங்கு வந்தது. பிள்ளைகள் வரவில்லை. கடைக்காரர் வாடகையை விடவில்லை. தவணை ஒன்று தவறியது, பிறகு இரண்டு, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு இப்படி நடந்தது. வெட்கம் இதற்குப் பிறகு நான் செய்தவற்றில் இருக்கிறது.

அக்கா சாப்பாட்டு நேரத்தில் கேட்பார்: "தவணையெல்லாம் ஒழுங்கா போகுதாடி?"

"போகுதுக்கா."

இந்தப் பொய்யைச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். ஒருமுறை அல்ல, ஏழெட்டு மாதங்கள்.

மாவட்ட நீதிமன்ற அழைப்பாணை என் வீட்டுக்கு வந்தது. இரண்டு பிரதிவாதிகள், முதலாவது நான், இரண்டாவது அக்கா. அக்காவுக்கும் ஒன்று போகும் என்று தெரியும். அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் கடத்தினேன். பகலில் கம்பளை வீடு பூட்டிக் கிடந்ததால், அழைப்பாணை கொண்டுவரும் நீதிமன்ற ஊழியர் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். இடைவேளை நேரம். ஸ்டாஃப் ரூமில் பதினைந்து பேராவது இருந்திருப்போம். அவர் வாசலில் நின்று, அக்காவின் முழுப் பெயரையும் சத்தமாக வாசித்து, யார் என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா எழுந்து போனார். எதற்கு என்று கேட்டார். கடன் வழக்கு என்று அந்த மனிதர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நான் மூலையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பிள்ளை 'ஒற்றுமை' என்ற சொல்லில் ஒற்று விட்டிருந்தது. அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். மறுபடியும் அதே வட்டத்தின் மேல் போட்டேன். தாள் கிழியும் வரை போட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. "என் கடன், அவங்க கடன் இல்ல" என்று சொல்ல எனக்கு நாலைந்து சொல் போதும். சொல்லவில்லை. அக்காவும் என் பெயரைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பாட வேளைக்கு வகுப்புக்குப் போனார்.

அன்று பின்னேரம் பஸ் நிலையத்தில் அவரிடம், "நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க கோர்ட்டுக்கு வர வேணாம்" என்றேன். அவர் நம்பினார். நானும் போகவில்லை. பயமாக இருந்தது. இரண்டு பேருக்கும் எதிராகத் தீர்ப்பாயிற்று.

தீர்ப்பின் கடிதம் கிடைத்ததிலிருந்து அக்கா தனக்கு மட்டும் ஒரு பெட்டியில் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார். சண்டை பிடிக்கவில்லை. அந்த வருடமே ஓய்வுபெற்றார். பிரியாவிடை அன்று நான் சுகவீன விடுமுறை எடுத்தேன். பிறகு அவரிடமிருந்து நாலைந்து அழைப்புகள் வந்தன. எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்டேன்.

பணத்தைக் கட்டினேன். இதையாவது சொல்லிக்கொள்கிறேன். கம்பனியோடு பேசி, சம்பளத்திலும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததிலுமாக இரண்டு வருடத்தில் முழுவதையும் கட்டினேன். 'நிலுவை எதுவுமில்லை' என்று கம்பனி ஒரு கடிதம் தந்தது. அதை வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அக்காவுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தபாலில் போடுவது மரியாதையில்லை, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு நேரில் போய்க் கொடுப்போம் என்று நினைத்தேன். நத்தார் போனது. இத்தனை நாள் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை வந்தது. நாள் கூடக் கூட அந்தக் கேள்வியும் பெரிதானது. அடுத்த நத்தாரும் போனது. ஒரு முத்திரை ஒட்டிப் போட்டிருக்கலாம். மூன்று வருடம் அந்தக் கடிதம் என் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

வங்கியிலிருந்து வந்த பிறகு அந்தக் கடிதத்தோடு கம்பனிக்குப் போனேன். அந்தக் கம்பனியை வேறொரு கம்பனி எடுத்துக்கொண்டிருந்தது; பெயர்ப்பலகை, கவுண்டர், ஆட்கள் எல்லாம் புதிது. பழைய கோப்பைத் தேடியெடுக்கப் பத்து நாள் ஆயிற்று. பணம் வந்தது உண்மைதான், ஆனால் நீதிமன்றத்துக்கு அறிவித்ததாக எதுவும் இல்லை என்றார்கள். நீதிமன்றத்துக்கு முன்னாலுள்ள சந்தில் ஒரு முஸ்லிம் சட்டத்தரணி அம்மாவைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க கம்பனிக்குக் கட்டிட்டீங்க. கம்பனி கோர்ட்டுக்குச் சொல்லல்ல. கோர்ட்டப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் கட்டல்ல. வழக்குப் புத்தகத்துல 'தீர்ந்துச்சு'ன்னு பதிஞ்சா அத வச்சு ரிப்போர்ட்ட மாத்தலாம்."

"பதியலாமா மிஸ்?"

"பதியலாம். கம்பனி சம்மதிச்சு எழுதித் தரணும். ரெண்டாவது பிரதிவாதியும், அவங்களுக்காக நான் ஆஜராகலாம்னு எனக்கு ப்ரொக்ஸி கையெழுத்து வச்சுத் தரணும். அவங்க எங்க ஈக்கிறாங்க?"

"கம்பளையில."

"பக்கம்தானே. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

ப்ரொக்ஸிப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமைகளைக் கடத்தினேன். மூன்றாவது சனிக்கிழமை, என் கணவர் அதை எடுத்து மேசையில் வைத்து, "நீ போறியா, நான் போகவா?" என்று கேட்டார். நான் போனேன்.

அக்காவின் வீடு கம்பளை நகரத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது. பின்புறத்து மண்மேட்டைத் தாங்கிய அணை சரிந்து, அதற்கு நீலத் தார்ப்பாய் போட்டு மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். நான் தட்டியதும் அக்கா கதவைத் திறந்தார். தலைமுடி முழுவதும் வெளுத்திருந்தது.

"வாங்க" என்றார்.

'வாங்க.' பதினைந்து வருடத்தில் அவர் என்னை அப்படி அழைத்ததேயில்லை.

உள்ளே போனேன். முன்பு அந்த முன்னறையில் ஒரு சோபா, தொலைக்காட்சி, கண்ணாடி அலுமாரி, தையல் இயந்திரம் எல்லாம் இருந்தன. இப்போது இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் மட்டும் இருந்தன. அணை சரிந்ததால் சாமான்களை எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து, பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"அக்கா, அந்தக் கடன முழுசாக் கட்டிட்டேன்."

அவர் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு வாசித்தார். திகதியைத் திரும்பவும் பார்த்தார்.

"இது மூணு வருஷத்துக்கு முந்தியது."

"ஆமாக்கா."

"எங்க இருந்துச்சு இது?"

"வீட்டுல. அலுமாரியில."

அவர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சாமான் சட்டெல்லாம் என் தங்கச்சி வீட்டுல இருக்கு" என்றார். "கோர்ட்டுல இருந்து வந்து சாமானை எழுதிக்கிட்டுப் போவாங்கன்னு பக்கத்து வீட்டு ஐயா சொன்னாரு. அந்தத் தையல் மெஷின் என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. அதையும் எடுத்துட்டா என்ன பண்றதுன்னு லொறி பிடிச்சு எல்லாத்தையும் அனுப்பிட்டேன். கேட்டுல ஏதாவது சத்தம் கேட்டா, இப்பவும் சன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் கதவத் திறப்பேன். இன்னைக்கும் அப்பிடிப் பாத்துட்டுத்தான் உங்களுக்குத் திறந்தேன்."

மூன்று வருடம். கட்டி முடித்த கடனுக்காக அந்த மனுஷி வெறும் வீட்டில் இருந்திருக்கிறார்.

"கம்பனியில கேட்டிருக்கலாமேக்கா" என்று எப்படியோ என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போனா என்னையப் பிடிச்சுக் கட்டச் சொல்லுவாங்கன்னு பயம். உங்களுக்கு எத்தனை தடவ எடுத்தேன்? நீங்க எடுக்கலயே. பின்னால அணை விழுந்தப்ப பேங்க்குல லோன் கேட்டேன். 'உங்க மேல தீர்ப்பு இருக்கு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அக்கா, மன்னிச்சுக்குங்க..."

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

படிவத்தைக் கொடுத்தேன். இம்முறை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்து வாசித்தார். புரியாத இரண்டு இடத்தில் விளக்கம் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். நான் எழும்பியபோது சொன்னார்:

"கோர்ட்டுல எழுதிக் குடுத்துருவீங்க. சரி. அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல இருந்தவங்களுக்கு யாரு எழுதிக் குடுக்கிறது? என் பிரியாவிடையில ஒரு டீச்சர் எல்லார் முன்னாலயும் கேட்டாங்க, 'கடன் பிரச்சினையெல்லாம் முடிஞ்சுதா மிஸ்'ன்னு. நான் சிரிச்சுட்டேன். வேற என்ன பண்றது?"

அவர் அதை ஒரு கோரிக்கையாகச் சொல்லவில்லை. ஆனால் கம்பளையிலிருந்து கண்டி வரும் வரை அது ஒன்றுதான் என் காதில் இருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்றேன். "ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கி, கடன் யாருடையது, கையெழுத்து யாருடையது, அன்றைக்கு நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதையெல்லாம் சொன்னேன். புதிதாக வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியாது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், "பழைய கதைதானே டீச்சர், விடுங்க" என்றார். பிரியாவிடையில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் என்று நான் ஊகித்த ஆசிரியை, தன் கொப்பிக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் என்னோடு பிறகு இரண்டு மாதம் பேசவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பேசி முடித்த பிறகு மனம் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆகவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட கூச்சம் ஒன்று அதோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

வழக்கு அழைக்கப்பட்ட நாளில் அக்கா வரத் தேவையில்லை என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அக்கா வந்தார். வெள்ளைச் சேலை உடுத்து, குடையும் கையுமாக நீதிமன்றத்தின் பின் வாங்கில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல், ஓர் ஆள் இருக்கக்கூடிய இடைவெளி விட்டு உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். எங்கள் இலக்கத்தை அழைத்ததும் சட்டத்தரணி எழுந்து பேசினார், கம்பனியின் சட்டத்தரணி தலையாட்டினார், நீதிபதி ஏதோ எழுதினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று அக்கா கேட்டார்.

"தீர்ந்துச்சுன்னு பதிஞ்சுட்டாங்கக்கா."

"இதுக்குத்தானா?" என்றார். அதை என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டாரா என்று தெரியவில்லை.

அந்தப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியை எடுக்க இரண்டு வாரம். அதைக் கம்பனிக்குக் கொடுத்து, கம்பனி கொழும்பிலுள்ள கடன் தகவல் பணியகத்துக்கு அறிவித்து, என் கடன் அறிக்கை மாற ஒன்றரை மாதம். அக்காவுடையது மாறவில்லை. அவருடைய கடன் பத்திரத்தில் இருந்தது பழைய அடையாள அட்டை இலக்கம். இப்போது அவரிடம் இருப்பது புதியது. இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட மறுபடியும் கடிதம், மறுபடியும் பிரதி. நான்கு தடவை பாடசாலையில் அரைநாள் லீவு எடுத்துக் கவுண்டரில் நின்றேன். முதலில் என்னுடையது சரியாகி, அவருடையது சரியாகாமல் கிடந்த அந்த நாட்களில், வங்கியில் என் வீட்டுக் கடனுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. என் மாணவி இரண்டு தடவை அழைத்தாள். "கொஞ்சம் பொறும்மா" என்றேன்.

அக்காவின் புதிய அறிக்கை வந்ததும், அவர் சொன்னபடி அவருடைய மகளிடம் கொடுக்காமல் நானே கம்பளைக்குக் கொண்டுபோனேன். அவர் அதைக் கையில் வாங்கி, சன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் வாசித்தார்.

"இன்னும் கேஸ் நம்பர் இருக்கே."

"இருக்கும்க்கா. ஆனா பக்கத்துல 'தீர்க்கப்பட்டது'ன்னு இருக்கு, பாருங்க. அடியோட அழிக்க மாட்டாங்களாம். கொஞ்ச வருஷம் அப்பிடியே கிடந்துட்டு, பிறகு தானா விழுந்துருமாம்."

"எத்தனை வருஷம்?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான்.

"இப்ப பேங்க்குல கேட்டா லோன் குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"போன மாசமே கேட்டேன். வயசு கூடிப்போச்சாம்."

அணையைக் கட்ட நான் உதவி செய்கிறேன் என்றேன். வழியெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தேன். அக்கா உடனே தலையாட்டி மறுத்தார். கோபமாக அல்ல. மருமகன் தன் பெயரில் கடன் எடுத்துச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார், மழைக்கு முன்பு முடிந்துவிடும் என்றார். அந்த மருமகனின் கடனுக்கு ஷூரிட்டி போட யாரையாவது தேடுகிறார்கள் என்பதும் பேச்சில் தெரிந்தது. "நான் போடவா?" என்று கேட்க வாயெடுத்தேன். என் கையெழுத்துக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு இருக்கும் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் தேநீர் ஊற்றித் தந்தார். பழைய பள்ளிக்கூடக் கதை எதுவும் பேசவில்லை. பேரப்பிள்ளை கணக்கில் பலவீனமாக இருக்கிறான், சனிக்கிழமையில் இங்கே வந்து படிக்கிறான் என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குடித்து முடித்ததும் கோப்பையைக் கழுவ எடுத்தேன். "வைங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். வாசல்வரை வந்தார். "போய்ட்டு வாறேன்க்கா" என்றேன். "சரி" என்றார். கதவை மூடும்போது தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் சரிவில் இறங்கிக் கண்டி பஸ்ஸைப் பிடித்தேன். இடம் கிடைக்கவில்லை, பேராதனைவரை நின்றுகொண்டே வந்தேன்.